வருவதைவிடப் போவது அதிகம்

அக்கா ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வந்து சேர மூன்று விநாடி ஆனது. 'நோயாளி' என்று அடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துத் திரும்பினால் 'நோயா' மட்டும் வந்து நின்றுகொண்டிருக்கும்.

மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்கிற அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. வீட்டு மடிக்கணினியிலிருந்தே அங்கே தனக்கென்று ஒதுக்கிய கணினிக்குள் இணையம் வழியாக நுழைந்து வேலை பார்ப்பாள். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். அங்குள்ள திரை இங்கே தெரியும். இங்கே தட்டும் விசை அங்கே விழும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இரண்டு மாதமாக அது ஆமை வேகத்தில் ஊர்ந்தது. நாளைக்கு முப்பது அறிக்கை முடித்தவள் பதினான்கோடு திணறினாள். மேலாளர் அம்மா இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டார்.

தங்கைக்கு நெட்வொர்க் வேலை. பள்ளிக்கூடம், துணிக்கடை, பல் மருத்துவமனை என்று எங்கே கணினிகள் ஒன்றோடொன்று பேச மறுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அர்ச்சனை ஆரம்பமானது.

"ஊரு உலகத்துக்கெல்லாம் ஓடி ஓடிப் பாக்கறே. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் ரெண்டு மாசமா நேரம் இல்ல."

"வந்துட்டேன்ல அக்கா. முதல்ல உன் ஆபீஸ் ஆளு என்ன சொன்னாருன்னு சொல்லு."

"பாஸ்வேர்டா? அவன் சொல்றது ஒண்ணேதான். உன் மெஷின்ல லினக்ஸ், எங்களுது விண்டோஸ். எண்ணெயும் தண்ணியும் சேராது சிஸ்டர்ங்கறான்."

அலுவலகத்துக் கணினிகளைக் கவனிப்பவனுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் பாஸ்வேர்டு. அத்தனை பேருடைய கடவுச்சொல்லும் அவன் கைக்குள் இருந்ததால் வந்த பட்டம். பெண்கள் எல்லோரையும் சிஸ்டர் என்பான். போனில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எச்சிலை உறிஞ்சுவான். அந்தச் சத்தத்துக்காகவே அக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள்.

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அக்காவின் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் மூச்சு வாங்கியதால் தங்கைதான் லினக்ஸை ஏற்றிக் கொடுத்திருந்தாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பதினான்கு பேரில் ஆறு பேர் இப்படி விண்டோஸ் அல்லாத இயங்குதளங்கள் வைத்திருந்தார்கள். அந்த ஆறு பேருக்கும்தான் மெதுவாக இருந்தது. மற்ற எட்டுப் பேருக்குப் பிரச்சினையே இல்லை.

"மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகலேன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் மேல பழி போட்டுட்டுப் போயிடலாம். ஆனா நடுவுல யாரு மூட்டி விடறாங்கன்னு பாக்கணும்ல?" என்று சொல்லிக்கொண்டே தங்கை உட்கார்ந்தாள்.

முதலில் வைஃபையை அணைத்துவிட்டு வயரை நேராகச் சொருகினாள். மாற்றமில்லை. வீட்டு இணையத்தின் வேகத்தை அளந்தாள். குறை சொல்ல முடியாது. அலுவலகம் வரை ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாள். ரிமோட் இணைப்பைத் துண்டித்திருக்கும்போது கண் இமைப்பதற்குள் போய்வந்தது. இணைத்த மறு நிமிடம் முக்கி முனகியது. அலுவலகத் திரையில் இருந்த பின்னணிப் படத்தை எடுத்தாள், வண்ணங்களைக் குறைத்தாள், ஒலியை நிறுத்தினாள். திரையில் ஓடும் அம்புக்குறி அப்போதும் சுட்டியின் பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது.

பிறகு போக்குவரத்தைக் காட்டும் அளவியைத் திறந்தாள். இரண்டு கோடுகள். ஒன்று உள்ளே வருவது, மற்றது வெளியே போவது. ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவதுதான் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது திரையின் படம். போவது வெறும் விசைத் தட்டல். எறும்பு போல ஊர வேண்டும். இங்கே வருகிற கோடு தரையில் கிடந்தது. போகிற கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இப்ப நீ ஏதாவது ஃபைல் அனுப்பறியா?"

"நான் கையையே வெக்கலையே. நீதானே உக்காந்திருக்கே."

தங்கை எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்று கேட்கும் கட்டளையை இட்டாள். ஒரு பெயர் வந்தது. அடுத்த விநாடி வேறொரு பெயர். சுற்றுலா ஏழு. சுற்றுலா எட்டு. நாத்தனார் வளைகாப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அக்காவின் படக் கோப்புறையை யாரோ சோற்றைப் பிசைந்து உருட்டி விழுங்குவதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் ஓடின. நடுவே 'தையல் பிரித்த பின்' என்று ஒன்று வந்து மறைந்தது.

 அந்தப் படத்தை எடுத்தவளே தங்கைதான். போன வருடம் அக்காவின் மார்பிலிருந்து ஒரு கட்டியை அகற்றினார்கள். காயம் ஆறுகிற விதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் மருத்துவர். குளியலறை வெளிச்சத்தில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, இவள் எடுத்தாள். அத்தான்கூட அதைப் பார்த்ததில்லை.

எந்த வழியாகப் போகிறது என்று தேடியபோது அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அலுவலகத்தோடு இணைக்கும் கட்டளை ஒரே நீண்ட வரி. அதன் கடைசியில், வீட்டுக் கோப்புகள் மொத்தத்தையும் அலுவலகக் கணினிக்குத் திறந்துவிடு என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு இப்படித் திறக்கும் முன் எச்சரிக்கைக் கட்டம் ஒன்று வந்து கேட்கும். வேண்டாம் என்று சொல்லலாம். லினக்ஸ் எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தது. அந்த வரியைப் பாஸ்வேர்டு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவசரமாக வந்து, ஒரு தடவைகூடப் படிக்காமல், அதை அப்படியே எடுத்து ஒட்டி எண்டர் தட்டிவிட்டுப் போனவள் தங்கை.

அவள் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு மறுபடி இணைத்தாள். எழுத்துகள் தட்டத் தட்ட விழுந்தன.

"அடியே! சரியாயிடுச்சு! என்னடி பண்ணே?" அக்கா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். 'நோயாளி நோயாளி நோயாளி' என்று விளையாட்டுப் பிள்ளை மாதிரி அடித்துப் பார்த்தாள்.

தங்கையால் சிரிக்க முடியவில்லை. "அக்கா, உன் படங்களெல்லாம் ஆபீஸுக்குப் போயிட்டு இருந்திருக்கு. நேர்ல போய்ப் பாக்கணும். கிளம்பு" என்றாள். யார் வழி திறந்துவிட்டது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. பேருந்தில் போகிற நாற்பது நிமிடத்திலும் சொல்லவில்லை.

வீட்டிலிருந்து பயன்படுத்தும் கணினிகள் பதினான்கும் பாஸ்வேர்டின் அறையில் இரும்பு அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. ஜன்னலே திறக்காத அறை. உள்ளே போனதும் ஊசிப்போன ரொட்டியும் வியர்வையும், அவற்றை மறைக்க அடித்த மல்லிகை வாசனைத் திரவமும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. மேசையின் கீழே அழுக்குக் காலுறைகள். தேநீர்க் கோப்பையின் அடியில் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. விசைப்பலகையின் இடுக்குகளில் நகத் துணுக்குகள். அவன் கடித்துத் துப்பியவை.

"வாங்க வாங்க, சிஸ்டர். தங்கச்சியும் வந்திருக்காங்களா? ஒரே முகஜாடை." எச்சிலை உறிஞ்சினான். "போன்லயே சொன்னேனே, அந்த லினக்ஸைத் தூக்கிட்டா..."

"அக்கா மெஷின்ல ஒரு விஷயம் பாக்கணும். ரெண்டே நிமிஷம்" என்று தங்கை அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. விசைகளைத் தொடும்போது விரல் ஒட்டியது. மூச்சை வாய் வழியாக விட்டுக்கொண்டு தேடினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடும்படி ஒரு சின்ன வேலையை அந்தக் கணினியில் எழுதி வைத்திருந்தார்கள். யாருடைய வீடு திறந்திருக்கிறதோ அங்கிருந்து படங்களை மறுபடி மறுபடி அள்ளி, அலுவலகத்தின் பொதுக் கணினியான சர்வரில் 'பிரிண்டர் பழசு' என்ற கோப்புறையில் போடு. அவ்வளவுதான்.

"அது பேக்கப், சிஸ்டர்" என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே.

"அக்கா, உங்க மேடத்தைக் கூட்டிட்டு வா. சீக்கிரம்." தங்கை எழுந்து அலமாரிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "நீங்க அந்தச் சுவர் ஓரமா நில்லுங்க. எதையும் தொடக்கூடாது."

மேலாளர் அம்மா மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று ஒவ்வொரு மின்னஞ்சலையும் முடிப்பவர். நடந்ததைத் தங்கை சுருக்கமாகச் சொன்னாள். அவருடைய கடவுச்சொல்லைப் போட்டுத் திறக்கச் சொன்னாள்.

'பிரிண்டர் பழசு' திறந்தது. உள்ளே ஆறு கோப்புறைகள், ஆறு பணியாளர் எண்கள். ஆறு பேரும் பெண்கள். அக்காவின் எண்ணைத் திறந்தாள். படங்கள் குப்பையாகக் கொட்டிக் கிடக்கவில்லை. ரகம் பிரித்து அடுக்கியிருந்தது. கடற்கரை. கல்யாண வீடு. தூக்கம். ஆஸ்பத்திரி.

'தூக்கம்' என்பதைப் பார்த்து அக்கா "ஐயோ" என்றாள். அத்தான் விளையாட்டாக எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயைப் பிளந்து தூங்குகிற அக்கா. 'ஆஸ்பத்திரி'யைத் தங்கை திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை. வெளியில் தெரிந்த சின்னப் படத்திலேயே அக்கா அடையாளம் கண்டுகொண்டாள். கை தானாகப் புடவை முந்தானையை இழுத்து மூடியது.

மேலாளர் அம்மா பாஸ்வேர்டை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். தங்கையின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "என் நம்பர்ல ஏதாவது இருக்கா? நல்லாப் பாருங்க" என்றார்.

தங்கை சர்வர் முழுக்கத் தேடினாள். "இல்ல மேடம். உங்களோடது ஒண்ணும் இல்ல."

"அப்பாடா!"

அந்த ஒரு சொல்லை அவர் மனதாரச் சொன்னார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. அறையின் நாற்றம், ஒட்டும் விசைகள், பூஞ்சைக் கோப்பை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்த தங்கைக்கு அப்போதுதான் உண்மையாகவே வாந்தி வருவதுபோல் இருந்தது. பக்கத்தில் ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடுங்கும்போது வந்த அப்பாடா.

"இத பாரும்மா," மேலாளர் இப்போது மேலாளராகிவிட்டார். "தப்புதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இதப் பெருசு பண்ணா யாருக்கு அசிங்கம்? உங்களுக்குத்தான். பேக்கப்ல தவறுதலா வந்துடுச்சுன்னு சொல்லி, எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடலாம். அவனுக்கு மெமோ குடுக்கறேன். உன் ரெண்டு எச்சரிக்கை லெட்டரையும் கிழிச்சிடறேன். சரியா?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. பாஸ்வேர்டு வெளியே கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறான். "சத்தியமா சொல்றேன் சிஸ்டர், நான் எதையும் தொறந்துகூடப் பாக்கல. தானா வந்து சேந்துச்சு. சேத்து மட்டும்தான் வெச்சேன்." கடித்த விரல் நுனிகளைச் சட்டையில் துடைத்தான்.

"பாக்கல?" அக்கா முதல் முறையாக அவன் பக்கம் திரும்பினாள். "என் வீட்டுக்காரர் போனைப் பிடிக்கற லட்சணத்துக்கு எடுக்கற படமெல்லாம் படுத்துக்கிட்டுத்தான் வரும். என் கம்ப்யூட்டர்ல இன்னைக்கும் அப்படியேதான் கிடக்கு. கழுத்தைச் சாய்ச்சுத்தான் பாக்கணும். இங்க ஒவ்வொண்ணும் நிமிந்து நிக்குதே? யாரு நிமித்தினது? அதுவும் தானா எழுந்து நின்னுதா?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். 'கடற்கரை'யில் நாற்பது படம். நாற்பதும் நேராக நின்றன. நாற்பது முறை ஒருவன் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, திருப்பி, சேமித்திருக்கிறான்.

 அவன் பல்லைக் காட்டினான். "வீட்டைத் தொறந்து விட்டது நானா? வரியை மெயில்லதான் அனுப்பினேன். போட்டது உங்க தங்கச்சி. பெரிய இன்ஜினியர்தானே? படிச்சுப் பாத்துப் போட்டிருக்கலாம்ல? என்னை மட்டும் சொல்லுங்க."

அக்கா தங்கையைப் பார்த்தாள். "நீயா?"

"நான்தான் அக்கா. படிக்காம போட்டுட்டேன்."

"காலைல வீட்லயே தெரியுமா?"

"தெரியும்."

அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தங்கை அதன் பிறகு பல நாள் சுமந்தாள். அவனிடமும் மேலாளரிடமும் வந்த அருவருப்பில் ஒரு பங்கு தன் மீதே படிந்ததைத் தேய்த்து எடுக்க முடியவில்லை. அவன் நாய்ப்புத்திக்காரன்தான், ஆனால் அவன் சொன்னதில் இது மட்டும் பொய்யில்லை.

அக்கா மேசையருகே போனாள். "மேடம், அந்தப் போனை இப்படித் தள்ளுங்க."

"யாருக்கும்மா?"

"மத்த அஞ்சு பேருக்கு. அவங்க படத்தை அழிக்கணுமா வேண்டாமான்னு அவங்கதானே சொல்லணும். நீங்களும் நானும் யாரு?"

"முதலாளியைக் கேக்காம நீ இப்படி..."

"குடும்பம்னு சொன்னீங்களே மேடம். குடும்பத்துல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா சொல்லி அனுப்ப மாட்டாங்களா?"

அவளே போனை இழுத்து, சுவரில் ஒட்டியிருந்த பணியாளர் பட்டியலைப் பார்த்து எண்களைத் தட்டினாள். குரல் உடையவில்லை. நாளெல்லாம் நோய்களைத் தட்டச்சு செய்கிறவள், அதே சீரான குரலில் ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்: இந்த மாதிரி நடந்திருக்கிறது, உன் படமும் இருக்கிறது, நான் திறக்கவில்லை, போலீஸுக்குச் சொல்லப் போகிறேன், வருகிறாயா? ஒருத்தி கத்துவது அறைக்கே கேட்டது.   இன்னொருத்தி, "எனக்கு ஏதோ தோணிச்சு, மேடத்துக்கிட்டகூடச் சொன்னேன், உன் மெஷினை மாத்துன்னாங்க" என்றாள். அக்கா அதை மேலாளருக்குக் கேட்கும்படி அப்படியே திருப்பிச் சொன்னாள். மேலாளர் கைக்குட்டையை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்.

தங்கை தன்னால் ஆனதைச் செய்தாள். சர்வரிலிருந்து இணைய வயரை மட்டும் உருவினாள், கணினியை அணைக்கவில்லை. வெளியிலிருந்து யாரும் எதையும் அழிக்கக் கூடாது, உள்ளே இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும். பிறகு சைபர் குற்றப் பிரிவுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு இரண்டு முறை கழிவறைக்குப் போக வேண்டும் என்றான். "போங்க. உங்க போனை இங்க மேசை மேல வெச்சிட்டுப் போங்க" என்றாள். அவன் போகவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு பெண் ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். ஆய்வாளர் அறைக்குள் ஒரு எட்டு வைத்து, மூக்கைச் சுளித்து, "இதுக்குள்ள மனுஷன் இருக்கானா?" என்று கேட்டார். சர்வரை உறையிட்டு முத்திரை வைத்தார்கள். அவனை அழைத்துப் போகும்போது, வழக்கம் விடாமல், "வரேன் சிஸ்டர்" என்றான். அக்கா காறித் துப்ப வாயைக் குவித்து, தரை துடைக்கும் அம்மா அங்கே நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் மற்ற ஐந்து பேரும் வந்து சேர நாலு மணியானது. ஒரே நிறுவனத்தில் வருடக்கணக்காக வேலை பார்த்தும் ஒருவரை ஒருவர் அவர்கள் நேரில் கண்டதில்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. "நீங்கதானே எலும்பு டாக்டர் ரிப்போர்ட் பண்றது? உங்க இருமல் வெச்சே சொல்லிடுவேன்" என்று ஒருத்தி சொல்ல, அந்த நிலையிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து புகாரை எழுதினார்கள். எழுதியது அக்கா. ஒரு பிழை இல்லை. கட்டளையை யார் இட்டது என்ற இடம் வந்தபோது, தங்கை தானே எழுந்து தன் பெயரையும் முகவரியையும் சொன்னாள். அக்கா தலை நிமிராமல் அதையும் எழுதினாள்.

அதன் பிறகு தங்கை பின்புறக் குழாயடிக்குப் போனாள். சோப்பு ஒரு துண்டு கிடந்தது. கைகளைக் கழுவினாள். அந்த விசைப்பலகையின் பிசுக்கு விரலிடுக்கில் இன்னும் இருப்பதுபோல் பட்டது. மறுபடி கழுவினாள். மணிக்கட்டு வரை, முழங்கை வரை. தோல் சிவந்துவிட்டது. நாலாம் முறை சோப்பை எடுத்தபோது குழாயை யாரோ மூடினார்கள்.

அக்கா. கண்கள் வீங்கியிருந்தன, எப்போது அழுதாள் என்று தெரியவில்லை.

"தேஞ்சு போயிடப் போறே."

"அக்கா, நான் காலைலயே..."

"பேசாதே. உன் மேல கோவம் இருக்கு. நிறைய இருக்கு. இன்னும் எத்தனை நாள் இருக்கும்னு எனக்கே தெரியாது. கோவம் போனா சொல்றேன்." முந்தானையை எடுத்துத் தங்கையின் ஈரக் கைகளைத் துடைத்துவிட்டாள், சின்ன வயதில் செய்ததுபோல் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. "காலைலேருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. அந்த அஞ்சு பேரும் வெளிய நிக்கறாங்க. வா, எங்கயாவது போய்ச் சாப்பிடலாம்."